மூன்று தந்திகள், இருபத்தைந்து நிமிடங்கள்

சென்ற மாதம் அலுவலகத் தபால் பிரிவு பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு, காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி சார், திருத்தம் அனுப்பும்போது சிவப்புச் சீட்டு குத்தாதே என்று புதிதாகச் சேர்ந்த பசங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, அதை எழுதவே இல்லையே?" கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே பாதிக் கதையைச் சொன்னேன். மீதியை எழுத்தில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த மீதி நம் ஊரில் நடந்ததல்ல. வடதுருவத்துக்குப் பக்கத்தில், பனிக்கடலில், 1942 ஜூலையில் நடந்தது.

முதலில் என் பாதியைச் சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசியில் ஓர் ஐப்பசி மழை. நான் அப்போது இளநிலை எழுத்தர். ஒரு கொம்யூனில் பள்ளிக்கூடம் ஒன்றில் நிவாரண அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "மூட்டைகளை வசதிப்படி வேறிடம் மாற்றவும்" என்று மாலையில் வயர்லெஸ்ஸில் ஒரு செய்தி போனது. அரை மணி கழித்து அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லா மூட்டையையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்களே, நான்கு இடமாகப் பிரித்து வைக்கச் சொல்ல வேண்டாமா? திருத்தம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதல் செய்தியின் தலைப்பில் "அவசரம்" என்று இருந்தது. திருத்தம் பின்தங்கிவிடக் கூடாதே என்று நானாகவே "மிக அவசரம்" என்று போட்டேன்.

அங்கே இருந்த ஸ்டோர்கீப்பர் வயதானவர், அனுபவசாலி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு செய்தி, இரண்டாவது இன்னும் அவசரம் என்றால் அவர் என்ன நினைப்பார்? ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று நினைத்தார். நடுராத்திரியில், கொட்டுகிற மழையில், வண்டி பிடித்து மூட்டைகளை ஏற்றினார். ஏரி உடையவில்லை. அரிசிதான் நனைந்து புளித்துப் போயிற்று. ஒரு வாரம் கழித்து என்னைப் பார்த்தபோது அவர் திட்டவில்லை. "ஏன் தம்பி, சிவப்புக்கு மேல சிவப்பு வந்தா நான் என்னன்னு நினைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டாம் உலகப் போர் பற்றிய நூல்களைப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பி.க்யூ. 17 என்ற கப்பல் அணியின் கதையில் இதே கேள்வியைப் பார்த்தேன். அங்கே நனைந்தது அரிசி மூட்டையல்ல.

1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் ரஷ்யா மீது படையெடுத்தான். ரஷ்யாவுக்கு டாங்கி, விமானம், லாரி, மருந்து என்று பிரிட்டனும் பிறகு அமெரிக்காவும் அனுப்ப ஆரம்பித்தன. கிட்டத்தில் உள்ள வழி ஐஸ்லாந்திலிருந்து கிளம்பி, நார்வேக்கு வடக்கே சுற்றி, மூர்மான்ஸ்க் அல்லது அர்ஹாங்கெல்ஸ்க் துறைமுகம் போவது. சரக்குக் கப்பல்கள் தனித்தனியே போனால் நீர்மூழ்கிகளுக்கு இரை. அதனால் முப்பது நாற்பது கப்பல்களை வரிசை வரிசையாகச் சேர்த்து, சுற்றிலும் போர்க்கப்பல்களைக் காவலாக வைத்து அனுப்புவார்கள். இதற்குத்தான் கான்வாய் என்று பெயர். போகும் அணிக்கு பி.க்யூ. என்றும், திரும்பும் அணிக்கு அந்த எழுத்துகளையே திருப்பிப் போட்டு க்யூ.பி. என்றும் பெயர் வைத்தார்கள்.

நார்வே அப்போது ஜெர்மானியர் கையில். அதன் வடகோடியில் அவர்களுடைய விமானத்தளங்கள் இருந்தன. மலைகளுக்கிடையே கடல் உள்ளே புகுந்திருக்கும் ஃபியோர்டுகளில் அவர்களுடைய பெரிய போர்க்கப்பல்கள் பதுங்கியிருந்தன. குளிர்காலத்தில் போனால் இருட்டு காப்பாற்றும். ஆனால் உறைபனி தெற்கே இறங்கிவந்து, கப்பல்களை நார்வேப் பக்கம் தள்ளிவிடும். கோடையில் பனி விலகி வழி அகலமாகும். ஆனால் ஜூலை மாதம் அங்கே சூரியன் மறைவதே இல்லை. இருபத்திநாலு மணி நேரமும் வெளிச்சம், ஒளிய ஒரு ராத்திரி கிடையாது. தண்ணீரில் விழுந்தவனுக்கு எந்த மாதமானாலும் சில நிமிடங்கள்தான் ஆயுள்.

1942 ஜூன் 27ஆம் தேதி ஐஸ்லாந்தின் குவால்ஃபியோர்டிலிருந்து பி.க்யூ. 17 கிளம்பியது. 35 சரக்குக் கப்பல்கள். இரண்டு ஆரம்பத்திலேயே பழுதாகித் திரும்பிவிட்டதால் 33 மிஞ்சின. அணியின் தலைவர் கொமடோர் டௌடிங், 'ரிவர் ஆஃப்டன்' என்ற சரக்குக் கப்பலில் இருந்தார். பக்கத்துக் காவலுக்கு ஆறு நாசகாரிக் கப்பல்களும் சிறு கப்பல்கள் பலவும்; அவற்றின் தலைவர் கமாண்டர் ஜாக் புரூம். சற்றுத் தள்ளி ரியர் அட்மிரல் ஹாமில்டனின் நான்கு குரூசர்கள், இரண்டு பிரிட்டனுடையவை, இரண்டு அமெரிக்காவுடையவை. இன்னும் வெகு தூரத்தில் அட்மிரல் டோவியின் பெரிய கப்பற்படை.

இவ்வளவு காவலும் ஒரே ஒரு கப்பலை நினைத்துத்தான். அதன் பெயர் டிர்பிட்ஸ். 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு. ஹாமில்டனின் குரூசர்களில் இருந்தவை 8 அங்குலப் பீரங்கிகள். டிர்பிட்ஸ் நேரில் வந்து நின்றால் குரூசர்களும் தப்பாது, கான்வாயும் தப்பாது. அது ட்ரோண்ட்ஹைமை விட்டுக் கிளம்பி வடக்கே நகர்ந்துவிட்டது என்று லண்டனுக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை 4. அன்று அதிகாலை ஒரு கப்பல் போயிற்று. மாலையில் டார்பிடோ விமானங்கள் கூட்டமாக வந்தன. மேலும் இரண்டு கப்பல்கள் அடிபட்டு அழிந்தன. 'அஸர்பைஜான்' என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலும் அடிபட்டது. ஆனால் அதன் மாலுமிகள் தீயை அடக்கி, மறுபடி வரிசையில் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆக, போனது மூன்று. மீதி முப்பதும் வரிசை குலையாமல் போய்க்கொண்டிருந்தன. குண்டு தீராதவரை எங்கு வேண்டுமானாலும் இந்த அணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்ற நம்பிக்கை புரூமுக்கு வந்திருந்தது.

அதே மாலை லண்டனில், கடற்படைத் தலைமையகத்தின் உளவுப் பிரிவு அறைக்குக் கடற்படைத் தலைவர் சர் டட்லி பவுண்ட் இறங்கி வந்தார். அங்கே பொறுப்பில் இருந்தவர் நார்மன் டென்னிங். பவுண்டைவிடப் பல படி கீழே உள்ள அதிகாரி. டிர்பிட்ஸ் இன்னும் ஆல்ட்டாஃபியோர்டில் நங்கூரம் போட்டு நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று பவுண்ட் கேட்டார். உறுதியாக எப்படிச் சொல்வது? ஆனால் அது கிளம்பவில்லை என்பதே டென்னிங்கின் கணிப்பு. அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. பெரிய கப்பல் கடலில் இறங்கினால், நம் கப்பல் வருகிறது, தவறிச் சுட்டுவிடாதே என்று ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு எச்சரிக்கை போயிருக்கும். அப்படி ஒரு செய்தியும் காதில் விழவில்லை. வராத செய்தியும் ஒரு செய்திதானே!

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். மேலதிகாரி கேட்பது ஆமாம், இல்லை என்ற ஒரே பதிலை. கீழே உள்ளவரிடம் இருப்பது நான்கு வரி விளக்கம். "உறுதி உண்டா?" என்றால் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும். அந்த "இல்லை"யோடு மேலே போன பவுண்ட், தம் கூட்டத்தில் முடிவெடுத்தார். பிறகு மூன்று தந்திகள் கிளம்பின. கம்பியில்லாத் தந்திதான்.

இரவு 9.11: மிக அவசரம். குரூசர்கள் முழு வேகத்தில் மேற்கே விலகவும்.

9.23: அவசரம். எதிரியின் மேற்பரப்புக் கப்பல்களால் அபாயம் இருப்பதால் கான்வாய் கலைந்து ரஷ்யத் துறைமுகங்களுக்குச் செல்லவும்.

9.36: மிக அவசரம். முந்தைய 9.23 தந்தி தொடர்பாக: கான்வாய் சிதறவும்.

வார்த்தைக்கு வார்த்தை எழுதவில்லை, சாரத்தைத் தந்திருக்கிறேன். மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கடற்படை மொழியில் கலைவதும் சிதறுவதும் ஒன்றல்ல. பொதுக்கூட்டம் முடிந்து ஜனங்கள் கலைவது ஒன்று, தடியடி நடந்து சிதறுவது இன்னொன்று. கலையச் சொன்னால், வரிசையை விட்டு அவரவர் வேகத்தில் ஒரே துறைமுகம் நோக்கிப் போவார்கள். கொஞ்ச நேரம் கும்பலாகவே இருப்பார்கள். சிதறச் சொன்னால், ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு திசையில் விசிறி போல் விரிந்து ஓட வேண்டும். லண்டனில் இருந்தவர்கள் மனதில் இருந்தது சிதறுவது. இரண்டாவது தந்தியில் விழுந்த சொல் கலைவது. அதைச் சரிசெய்யத்தான் மூன்றாவது தந்தி. சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு திருத்தம்.

கடலில் இருந்தவர்களுக்கு அந்த அறை தெரியாது, பேச்சும் தெரியாது. அவர்கள் கையில் இருந்தது மூன்று காகிதம். இருபத்தைந்து நிமிடத்தில் குரூசர்களை ஓடச் சொல்கிறார்கள், கான்வாயைக் கலையச் சொல்கிறார்கள், அடுத்த பதின்மூன்றாவது நிமிடம் சிதறு என்கிறார்கள். ஒன்றைவிட ஒன்று பதற்றம். டிர்பிட்ஸின் பாய்மரக்கம்பம் இந்தா தொடுவானத்தில் தெரியப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சிதறச் சொல்லி புரூம் கொடுத்த கொடிச் சைகையை டௌடிங் நம்பவில்லை, திரும்பக் கேட்டார். புரூம் தம் கப்பலை ரிவர் ஆஃப்டன் பக்கத்தில் கொண்டுபோய், குழல் வைத்துக் கத்தி உறுதிப்படுத்தினார். பிறகு, பெரும் கடற்போர் நடக்கப்போகிறது, குரூசர்களுக்குத் துணை வேண்டும் என்று எண்ணி, தம் ஆறு நாசகாரிகளையும் அழைத்துக்கொண்டு ஹாமில்டனோடு மேற்கே போனார். போர் நடக்கும் என்று போனவர்கள், நேரம் ஆக ஆக எதிரியைக் காணாமல் திகைத்தார்கள்.

டிர்பிட்ஸ் அப்போது ஆல்ட்டாஃபியோர்டில் நங்கூரம் போட்டுத்தான் நின்றது. டென்னிங் கணித்தது சரி. மறுநாள் ஜூலை 5 பகலில் வெளியே வந்து, அன்றிரவே திரும்பிவிட்டது. கான்வாய் மீது அது ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சுட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வெயில் மறையாத கடலில் தனித்தனியே போன கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஒன்றொன்றாகப் பிடித்தன. டௌடிங்கின் ரிவர் ஆஃப்டனும் 5ஆம் தேதி மூழ்கியது. அவரை 'லோட்டஸ்' என்ற சிறு கப்பல் திரும்பி வந்து தண்ணீரிலிருந்து எடுத்தது.

கடைசிக் கணக்கு: சரக்குக் கப்பல்கள் 22, எண்ணெய்க் கப்பல் 1, மீட்புக் கப்பல் 1, ஆக 24 போயின. அதில் உத்தரவுக்கு முன் போனவை 3, பின் போனவை 21. சேர்ந்த சரக்குக் கப்பல்கள் 11. வணிகக் கப்பல் மாலுமிகள் 153 பேர் இறந்தார்கள். 430 டாங்கிகள், 210 விமானங்கள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் கடலுக்கடியில் போயின. அதே வாரம் தெற்கு ரஷ்யாவில் ஜெர்மன் படை புதிய தாக்குதலைத் தொடங்கியிருந்தது, செவஸ்தபோல் விழுந்தது. அந்த டாங்கிகளுக்கு அங்கே எவ்வளவு தேவை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பவுண்டை வில்லனாக்க எனக்கு மனமில்லை. கடல் வழியாகப் பெரிய போர்க்கப்பல் வந்தால் சிதறுவது சரியான வழிதான். 1940 நவம்பரில் அட்லாண்டிக்கில் 'அட்மிரல் ஷேர்' ஒரு கான்வாயைத் தாக்கியபோது, 'ஜெர்விஸ் பே' என்ற ஒரே காவல்கப்பல் எதிர்த்து நின்று மூழ்கியது. அந்த நேரத்தில் சிதறி ஓடியதால்தான் பெரும்பாலான கப்பல்கள் பிழைத்தன. டிர்பிட்ஸ் உண்மையில் வந்திருந்தால் அவரைப் புகழ்ந்திருப்பார்கள். வராத கப்பலுக்குச் சரியான உத்தரவு, வந்துகொண்டிருந்த விமானத்துக்கும் நீர்மூழ்கிக்கும் தவறாகிவிட்டது. பவுண்ட் அடுத்த ஆண்டே, 1943 அக்டோபரில், மூளைக்கட்டியால் இறந்தார்.

என் மனதை அறுப்பது இதுதான். "டிர்பிட்ஸ் கிளம்பியதாக உறுதியான தகவல் இல்லை" என்று மூன்றில் ஒன்றிலாவது ஒரு வரி இருந்திருந்தால்? புரூம் தம் நாசகாரிகளை அங்கேயே விட்டிருக்கலாம். ஹாமில்டன் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். உத்தரவு போடுகிறவன் தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். எழுதாவிட்டால், படிக்கிறவன் அந்த இடத்தைத் தன் பயத்தால் நிரப்பிக்கொள்வான். எங்கள் ஸ்டோர்கீப்பர் நிரப்பிக்கொண்டது போல.

புரூம் இந்தப் பழியை வெகுகாலம் சுமந்தார். 1968இல் வெளியான ஒரு நூல், கான்வாயைக் கைவிட்டவர் என்ற பொருளில் அவரைக் குறை சொன்னது. அவர் வழக்குப் போட்டார். 1970இல் ஜூரி அவருக்கு 40,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. 1972இல் பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அவர் தம் தரப்பை ஒரு புத்தகமாக எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு அந்த மூன்றாவது தந்தியின் வாசகம்.

எல்லாரும் காகிதத்தைக் கண்டு ஓடிவிடவில்லை. 'ஏர்ஷயர்' என்று ஒரு மீன்பிடி டிராலர், போருக்காக மாற்றியமைத்தது. அதன் தலைவர் லியோ கிராட்வெல் ஒரு வக்கீல். சிதறச் சொன்னார்கள், சிதறினார். ஆனால் தனியாகப் போகவில்லை. வழியில் கண்ட மூன்று சரக்குக் கப்பல்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே உறைபனிக்குள் நுழைந்துவிட்டார். பனிக்குள் நின்று, கப்பல்களுக்கு வெள்ளை வர்ணம் பூசினார்கள். துணி விரித்து மூடினார்கள். மேல்தளத்தில் சரக்காகப் போன டாங்கிகளின் பீரங்கிகளில் குண்டு போட்டுத் தயாராக நின்றார்கள். விமானங்கள் கண்ணில் படவில்லை. சேர்ந்த பதினொன்றில் இந்த மூன்றும் அடக்கம்.

இனி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், காரணம் இருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1940 செப்டம்பரில் புதுவை, பெத்தேன் அரசை விட்டு தெகோல் பக்கம் சேர்ந்த கதையை எங்கள் வரலாற்று முசியே உற்சாகமாகச் சொல்வார். கூடவே சுதந்திர பிரெஞ்சுக் கடற்படையின் சிறு கப்பல்கள் பெயரை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைப்பார்: அகோனித், அலிஸ், லொபேலியா, மிமோசா, ரெனோங்குல், ரொஸெலிஸ். பிரிட்டன் கொடுத்த கப்பல்கள். எல்லாம் பூவின் பெயர் வரிசை. பதினான்கு வயதில் பூக்களின் பட்டியலாக மனப்பாடம் செய்ததில் ஒரு பெயர், அறுபது வயதுக்கு மேல் பி.க்யூ. 17 பற்றிப் படித்தபோது எதிரே வந்து நின்றது.

பி.க்யூ. 17 போகும்போது எதிர்த்திசையில் க்யூ.பி. 13 திரும்பிக்கொண்டிருந்தது. அதில் 19 கப்பல்கள் ஐஸ்லாந்தின் வடமேற்கு முனையைச் சுற்றி வந்தன. நாள்கணக்கில் சூரியன் தெரியாததால் இருக்குமிடத்தைக் கணிக்க முடியவில்லை. காற்றும் மூடுபனியும் வேறு. ஜூலை 5 மாலை, வழிகாட்டிப் போன 'நைகர்' என்ற கப்பல், மங்கலில் தெரிந்த ஒரு பனிப்பாறையை நிலமுனை என்று நினைத்து அணியைத் திருப்பியது. திருப்பிய இடம் பிரிட்டிஷ்காரர்களே விதைத்து வைத்திருந்த கடற்கண்ணி வயல். நைகர் வெடித்தது. பின்னால் வந்த சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. நைகரும் ஐந்து சரக்குக் கப்பல்களும் அழிந்தன.

காவலுக்கு வந்திருந்த சிறு கப்பல்களில் ஒன்று எங்கள் பட்டியலின் கடைசிப் பூ, ரொஸெலிஸ். அதன் தலைவர் பெர்ழ்ரே. தாங்கள் கண்ணி வயலுக்குள் இருக்கிறோம் என்று தெரிந்த பிறகும் அவர் வெளியேறவில்லை. ஆறரை மணி நேரம் அந்தத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி, எண்ணெயும் குளிருமாகக் கிடந்தவர்களைத் தூக்கினார். பார்த்த ஆபத்து கண்முன்னே இருந்தது, எவருடைய தந்திக்கும் அவர் காத்திருக்கவில்லை. பி.க்யூ. 17 கப்பல்கள் தனித்தனியே மூழ்கிக்கொண்டிருந்த அதே நாள்தான் இதுவும்.

எங்கள் முசியே கதை சொல்லும்போது மீட்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். 179. பிரெஞ்சில் அது நூறு, அறுபது, பத்தொன்பது என்று வரும். நாங்கள் கூட்டிப் பார்த்து முடிப்பதற்குள் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். ஏன் திரும்பினார் என்று அப்போது யோசிக்கவில்லை.

நண்பருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டேன். அந்த ஸ்டோர்கீப்பர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வோர் ஐப்பசியிலும் நினைப்பேன். கேட்டதில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.